எஞ்சின் நின்ற பிறகு: இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுபவருக்கு

கொழும்புக்குத் தெற்கே, பொல்கொடை வாவிக்கு மேலே, இரண்டாயிரம் அடியில், பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டிலை இழுத்துவிட்டார். "எஞ்சின் நின்றுவிட்டது. இனி?" என்றார். நான் செய்த முதல் காரியம், விமானத்தின் மூக்கை மேலே தூக்கியது. கீழே போகிறோமே, மேலே இழுப்போம் என்றுதான் கை நினைக்கும். வேகம் மளமளவென்று குறைந்தது. ஸ்டோல், அதாவது இறக்கைகள் விமானத்தைத் தாங்கமுடியாமல் போகும் நிலை, நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஊதல் அழத் தொடங்கியது. "சரி, இப்போது இரண்டு பேரும் செத்துவிட்டோம்" என்றார் சேர், தேநீர் கேட்பவரைப் போல அமைதியாக.

பறக்கப் பழக வரும் எல்லோருக்கும் அந்த முதல் தடவை இப்படித்தான் போகும். அதற்கு முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே நான் தரும் எண்கள் செஸ்னா 152, 172 போன்ற பயிற்சி விமானங்களுக்கு ஏறத்தாழப் பொருந்துபவை. உங்கள் விமானத்தின் கைநூலில் உள்ள எண்ணும் உங்கள் பயிற்றுநரின் வாக்கும் இதைவிடப் பெரியவை.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். என் அம்மா இன்னும் நம்புகிறார். உண்மையில் அது சறுக்கிப் பறக்கும். செஸ்னா 172 ஒன்று ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போகும். காற்று எதிர்க்காத நாளில் இரண்டாயிரம் அடியில் எஞ்சின் நின்றால் சுமார் 5 கிலோமீட்டர் தூரமும் இரண்டரை நிமிடமும் கையில் இருக்கும். வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து கல்கிசையைத் தாண்டும் தூரம் அது. மாலை வேளையில் 100ஆம் இலக்க பஸ் அந்தத் தூரத்துக்கு எடுக்கும் நேரத்தை நினைத்தால் இரண்டரை நிமிடம் அற்பம். ஆனால் செய்யவேண்டியது என்னவென்று தெரிந்தவருக்கு அது போதும்.

தரையில் இருக்கும்போதே

சிறு விமான எஞ்சின்கள் நிற்பதற்கான காரணங்களில் இரும்பு உடைவதைவிட மனிதர் மறந்தவைதான் அதிகம் பேசப்படவேண்டியவை. பெற்றோல் தீர்ந்துபோவது. பெற்றோல் இருந்தும், எந்தத் தாங்கியிலிருந்து அது வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தெரிவுத் திருகு தவறான பக்கம் இருப்பது. பெற்றோலில் தண்ணீர். அப்புறம், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேற்றரில் பனிக்கட்டி.

பெற்றோல் மானியை நம்பாதீர்கள். தாங்கியின் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பாருங்கள். பிறகு அடி வடிகாலிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 100எல்எல் விமானப் பெற்றோல் நீல நிறம். தண்ணீர் அதைவிடக் கனமானது, அடியில் குமிழாகத் தங்கும். இங்கே புதியவர் விழும் ஒரு குழி உண்டு: கிண்ணத்தில் இருப்பது முழுவதும் தண்ணீராகவே இருந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாது, "சுத்தமாக இருக்கிறது" என்று ஊற்றிவிட்டுப் போய்விடுவீர்கள். நிறத்தைப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். இரவெல்லாம் மழையில் வெளியே நின்ற விமானம் என்றால், மூடியின் றப்பர் வளையம் பழசாகியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு இரண்டு தடவை வடித்துப் பாருங்கள்.

காபுரேற்றர் பனிக்கட்டி என்றதும் கொழும்பில் சிரிப்பார்கள். வெளியே 28 பாகை, சட்டை முதுகில் ஒட்டுகிறது, பனிக்கட்டி எங்கிருந்து வரும்? காபுரேற்றரின் ஒடுங்கிய கழுத்துக்குள் காற்று விரைவதாலும் பெற்றோல் ஆவியாவதாலும் வெப்பநிலை 20 பாகைக்கு மேலேயே சட்டென்று விழக்கூடும். காற்றில் ஈரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பனி படியும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? வலுவைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து கூட. எஞ்சினின் சுற்று வேகம் காரணமில்லாமல் மெல்லக் குறையும், பிறகு எஞ்சின் இருமத் தொடங்கும். காபுரேற்றருக்குச் சூடான காற்றை விடும் குமிழை முழுதாக இழுங்கள். முதலில் இன்னும் மோசமாக ஓடும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பத் தள்ளிவிடாதீர்கள். பனி உருகித் தண்ணீராகி எஞ்சினுக்குள் போகிற சத்தம் அது. அந்தச் சூடு வருவது புகைபோக்கியிலிருந்து. எஞ்சின் நின்று ஆறிவிட்டால் சூடும் இல்லை.

ஓடுபாதையில் நிற்கும்போது, திரொட்டிலைத் தள்ளுவதற்கு முன், வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஓடும்போது நின்றால் திரொட்டிலை மூடி பிரேக் பிடிப்பேன். எழுந்தபின் பாதை மிச்சம் இருந்தால் அதிலேயே இறங்குவேன். பாதை இல்லை என்றால் மூக்கைத் தாழ்த்தி முன்னால் இறங்குவேன், திரும்பமாட்டேன்." பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், வானொலிப் பேச்சும் ஆங்கிலம், என் பயிற்றுநர் திட்டியது சிங்களத்தில். ஆனால் பயம் எனக்குத் தமிழில்தான் வந்தது. அதனால் இந்த மூன்று வசனங்களையும் நான் தமிழில்தான் சொல்லிக்கொள்வேன்.

ஏறும்போது நின்றால்

மிகக் குறைந்த நேரம் கிடைக்கும் இடம் இதுதான். இரத்மலானையின் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. 22 என்ற பக்கமாக, அதாவது தென்மேற்கு நோக்கி, புறப்பட்டால் காலி வீதி, வீடுகள், கரையோர ரயில் பாதை, அதற்கு அப்பால்தான் கடல். 04 பக்கமாக, வடகிழக்கு நோக்கி, புறப்பட்டால் அத்திடியப் பக்கத்து வீடுகள், பிறகு பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம். 1935 நவம்பர் 27 அன்று இங்கே முதன்முதலாக இறங்கியது, சென்னைப் பறத்தல் கழகத்தின் பயிற்றுநர் ஓட்டிவந்த புஸ் மொத் என்ற ஒற்றை எஞ்சின் விமானம். அவருக்குக் கீழே தெரிந்த வெட்டவெளி இன்று நமக்கு இல்லை. ஆகவே எந்தப் பக்கம் புறப்படுகிறீர்களோ அந்தப் பக்கத்தில் முன்னாலும் இரண்டு ஓரங்களிலும் எவை திறந்த இடம் என்பதை, பயிற்றுநருடன் வரைபடத்தை விரித்து, பறக்காத ஒரு நாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் நின்ற அந்த நொடியில் மூக்கு மேல்நோக்கி இருக்கும், வேகம் குறைவாக இருக்கும். தள்ளுங்கள். மெதுவாக அல்ல, நன்றாகவே மூக்கைத் தாழ்த்துங்கள். நம்ப மறுக்கும் மனம் இரண்டு மூன்று நொடியை விழுங்கிவிடும். அதற்குள் வேகம் எவ்வளவோ போயிருக்கும்.

பிறகு, திரும்பாதீர்கள். பின்னால் நீளமான, தட்டையான, தார்போட்ட பாதை இருக்கிறது என்பது பெரிய ஆசை. கணக்கைப் பாருங்கள். 180 பாகை திரும்பி முடித்தால் ஓடுபாதைக்கு மேலே அல்ல, அதற்குப் பக்கத்தில் எங்கோ இருப்பீர்கள். அதன் மையக்கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டும், பிறகு எதிர்ப்பக்கமாக நேராக்க வேண்டும். சீக்கிரம் திரும்பவேண்டுமென்று 45 பாகை சாய்த்தால் ஸ்டோல் ஆகும் வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். 60 பாகை என்றால் 41 சதவீதம். தரை நெருங்கி வரும்போது மூக்கை இழுக்கும் கை அங்கேயும் வரும். ஸ்டோல் ஆகி, ஒரு இறக்கை முதலில் விழுந்து, விமானம் சுழன்று தலைகுப்புறப் போவது இப்படித்தான். நேராக இறங்கி வேலியில் மோதினால் விமானம் போகும். சுழன்று விழுந்தால் ஆள் போவார். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை உங்கள் பயிற்றுநர் உயரமான இடத்தில் பாதுகாப்பாகச் செய்து காட்டுவார். அதுவரை இரண்டு பக்கமும் சுமார் 30 பாகைக்குள் கிடைப்பதில் நல்லதைப் பிடியுங்கள்.

2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்ட்டுக்கு இதுதான் நடந்தது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து பழைய ரையன் பயிற்சி விமானமொன்றில் எழுந்த சற்று நேரத்தில் எஞ்சின் நின்றது. நிலையத்துக்குத் திரும்பப் பார்த்தார், எட்டாது என்று தெரிந்ததும் மூக்கைத் தாழ்த்தி ஒரு கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். மரத்தின் உச்சியில் தட்டி, காயத்தோடு உயிர் தப்பினார். காபுரேற்றருக்குள் ஒரு சிறு துண்டு கழன்றிருந்தது பிறகு தெரியவந்தது. எட்டாது என்பதை அவர் ஒப்புக்கொண்ட அந்தக் கணம்தான் எனக்குப் பாடம். பொரளையில் நமக்கும் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, நடுவே களனிவெளி ரயில் ஓடும். ஆனால் இரத்மலானையிலிருந்து அது தூரம்.

பாதி நின்ற எஞ்சின் இன்னும் தந்திரமானது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் ஆய்வுப்படி, புறப்பட்டபின் எஞ்சின் முழுதாக நிற்பதைவிட வலு பாதியாகக் குறைவது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். "ஓடுகிறதே, சமாளிக்கலாம்" என்று நினைக்க வைக்கும். மிச்சமுள்ள வலு அடுத்த நொடியும் இருக்குமென்று கணக்குப் போடாதீர்கள். அது நின்றுவிட்டாலும் இறங்கக்கூடிய இடத்துக்கு மேலேயே இருங்கள்.

உயரத்தில் நின்றால்

இங்கே வரிசை முக்கியம். முதலில் சறுக்கு வேகம். செஸ்னா 152க்கு சுமார் 60 நொட் (ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), 172க்கு வகையைப் பொறுத்து 65 முதல் 68. அந்த வேகத்தில் டிரிம் செய்துவிட்டால், அதாவது கைப்பிடியின் அழுத்தத்தைச் சரிக்கட்டிவிட்டால், கை ஓரளவு சும்மா இருக்கும், மனமும் கொஞ்சம் சும்மா இருக்கும். கூடுதல் தூரம் போகலாம் என்று வேகத்தை இன்னும் குறைத்தால் தூரம் கூடாது, குறையும்.

இரண்டாவது, காற்று எங்கிருந்து வருகிறது? மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் தென்மேற்கு, மார்கழி தையில் வடகிழக்கு. ஆனால் பருவத்தை நம்புவதைவிடக் கண்ணை நம்புங்கள். குப்பை எரிக்கும் புகை, தென்னோலை சாயும் பக்கம், வாவியில் கரையோரம் அலையில்லாமல் பளபளக்கும் பகுதி (காற்று வரும் பக்கம் அது), கோவில் கொடி. தரையைத் தொடும்போது காற்றுக்குள் விமானத்தின் வேகம் 50 நொட், வீசும் காற்று 10 நொட் என்று வையுங்கள். எதிர்க்காற்றில் தரை வேகம் 40, பின்காற்றில் 60. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 60இல் இருப்பது 40இல் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

மூன்றாவது, இடம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். தெரிவு செய்தபின் அதை நோக்கித் திரும்பிவிட்டுத்தான் நான்காவது: எஞ்சினை எழுப்பிப் பார்ப்பது. பெற்றோல் தெரிவுத் திருகு, பெற்றோல்-காற்றுக் கலவைக் குமிழ் முழுதாக உள்ளே, காபுரேற்றர் சூடு, பம்ப் இருந்தால் பம்ப், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மக்னீற்றோ இடது வலது இரண்டும். தரையிலிருந்து மேலாகவோ இடமிருந்து வலமாகவோ ஒரே வழியில் கையைக் கொண்டுபோகப் பழகுங்கள், எதுவும் தவறாது. இது முப்பது நொடி வேலை. ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் எஞ்சினை மறந்துவிடுங்கள். அது போனது போனதுதான்.

வானொலி ஐந்தாவது. புதியவர்கள் இதைத்தான் முதலில் தூக்குகிறார்கள், யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்பதுபோல். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் உங்கள் விமானத்தைத் தாங்கிப் பிடிக்கமுடியாது. நேரம் இருந்தால், பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே மேடே என்று மூன்று தடவை, அழைப்புக் குறி, எஞ்சின் நின்றது, இருக்கும் இடம், உயரம், எத்தனை பேர். பதில் இல்லை என்றால் அவசர அலைவரிசையான 121.5. ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பொண்டரில் அவசரக் குறியான 7700. அந்த 'மேடே' 1920களில் லண்டன் கிரொய்டன் விமான நிலையத்தில் உருவான சொல். 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சு வார்த்தையின் ஒலி அது. மே மாதத்துக்கும் அதற்கும் உறவில்லை.

எந்த இடம்

கொழும்பைச் சுற்றிப் பறப்பவருக்கு இதுதான் கஷ்டமான கேள்வி. மேலிருந்து பார்த்தால் பச்சை எல்லாம் ஒன்று போலத் தெரியும். அது மூன்று வேறு பச்சை.

பிலியந்தலை, கெஸ்பேவைப் பக்கம் வயல்கள் உண்டு. அறுவடை முடிந்து காய்ந்த வயல் என்றால் பாதி அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். வைக்கோல் நிறம் தெரியும். வரம்புகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றுக்கு இணையாக இறங்குங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம், ஆனாலும் மெதுவான வேகத்தில் அது பிழைக்கக்கூடிய விபத்து. என்னைப் பல தடவை ஏமாற்றியது கைவிடப்பட்ட வயல். மேலிருந்து அழகான புல்தரை மாதிரி இருக்கும், கிட்டப் போனால் பன் புல்லும் சேறும். நிழல்களையும் நிறத்தின் திட்டுகளையும் பாருங்கள்: ஒரே சீரான, மங்கலான பச்சை நல்லது, பளிச்சென்று தெரியும் கரும்பச்சை ஈரம்.

தென்னந்தோட்டம் இரண்டாவது பச்சை. வேறு வழி இல்லாதபோது மட்டும். அப்படிப் போகவேண்டி வந்தால் உடல் பகுதி இரண்டு மரங்களுக்கு நடுவே போகட்டும், அடியை இறக்கைகள் வாங்கட்டும்.

மூன்றாவது விளையாட்டு மைதானம். பாடசாலை விடும் நேரத்தில் அதில் யார் இருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கும் அதே கேள்விதான். தெகிவளை, கல்கிசைக் கரை ஒடுக்கம், ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் அலை, நடுவே மனிதர்கள். வெறிச்சோடிய கரை கிடைத்தால் அலை நனைத்து இறுகிய மணலில் இறங்குங்கள், காய்ந்த மணல் சக்கரத்தை விழுங்கும்.

வீதி ஆசைகாட்டும். நம் வீதிகளில் ஓட்டோவை எப்படியாவது தவிர்க்கலாம், கம்பியைத் தவிர்க்கமுடியாது. மின்கம்பி வானிலிருந்து தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள், இரண்டு கம்பம் கண்டால் நடுவே கம்பி உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல இடம் ஒன்றைத் தெரிந்தபின், ஐந்நூறு அடியில் அதைவிட நல்ல இடம் கண்ணில் படும். எப்போதும் படும். மாறாதீர்கள்.

இறங்குவது

இடத்தின் தொடக்கத்தைக் குறிவைக்காதீர்கள், உள்ளே மூன்றில் ஒரு பங்கு தூரத்தைக் குறிவையுங்கள். கொஞ்சம் உயரமாக வந்தால் ஃபிளாப் (இறக்கையின் பின் விளிம்பில் கீழே இறங்கும் தகடு) போட்டோ, பக்கச் சறுக்கல் செய்தோ உயரத்தைக் கரைக்கலாம். தாழ்வாக வந்தால் உயரத்தை வாங்க எங்கும் கடை இல்லை. அந்த இடத்தைச் சேர்வது உறுதி என்று தெரியும்வரை ஃபிளாப்பைத் தொடாதீர்கள்.

பயணிகளிடம் பட்டியை இறுக்கச் சொல்லுங்கள், மூக்குக் கண்ணாடி, பேனா எல்லாம் கழற்றச் சொல்லுங்கள். கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள், சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது. பெற்றோலை மூடுங்கள், கலவையை வெளியே இழுங்கள், மக்னீற்றோவை அணையுங்கள். பிரதான மின்சுவிட்சைக் கடைசியாக அணையுங்கள். செஸ்னாவின் ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவது. முதலிலேயே அணைத்துவிட்டு ஃபிளாப்பைத் தேடியவன் நான், நல்லவேளையாக அது பயிற்சிதான்.

தொடும்போது மூக்கு சற்று மேலே, வேகம் முடிந்தவரை குறைவாக, ஆனால் பறந்துகொண்டே தொடவேண்டும். தரை வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால், இருக்கையும் பட்டியும் தாங்குவதாகக் கணக்கிடப்படும் 9 ஜி (புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு) அளவில் விமானம் சீராக நிற்க மூன்று மீட்டர்கூட வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. ஆகவே விமானம் நசுங்கட்டும், சக்கரம் பிய்ந்து போகட்டும், காப்புறுதிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் இருக்கும் பெட்டி மட்டும் முழுசாக நின்றால் போதும்.

வாவியோ கடலோதான் வழி என்றால் அலை முகட்டுக்கு இணையாக, கரைக்கும் படகுகளுக்கும் கிட்ட இறங்குங்கள். நிலையான சக்கரம் தண்ணீரில் பட்டதும் விமானம் கவிழக்கூடும். தலைகீழாகத் தொங்கும்போது பட்டியை அவிழ்ப்பதற்கு முன் ஒரு கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் வெளியே என்பதைக் கை சொல்லும். உயிர்காப்பு அங்கியை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. ஊதினால் மிதந்து, கவிழ்ந்ததால் கூரையாகிவிட்ட தரையோடு ஒட்டிக்கொள்வீர்கள்.

வெளியே வந்தபின்

எல்லோரையும் இறக்கிக் காற்று வரும் திசையில் நன்றாகத் தள்ளிக் கூட்டிப்போங்கள். தலையை எண்ணுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. கோபுரத்துக்கும் நிலையத்துக்கும் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேடத் தொடங்குவார்கள். விமானத்தை நகர்த்தாதீர்கள், பாகங்களைக் கையில் எடுக்காதீர்கள். விசாரணைக்கு அது கிடந்தபடி கிடக்கவேண்டும்.

ஐந்து நிமிடத்தில் ஊரே வந்துவிடும். கையில் போன் இருக்கும், சிலர் வாயில் சிகரெட்டும் இருக்கும். இறக்கையிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டிருக்கும். பிலியந்தலை வயலில் முதலில் ஓடிவருபவர் சிங்களத்தில்தான் பேசுவார். வெள்ளவத்தையிலேயே வளர்ந்து அந்த மொழி பிடிபடாதவர்கள் குறைந்தபட்சம் இதையாவது பாடமாக்கிக்கொள்ளுங்கள், சத்தமாகச் சொல்லவும் பழகுங்கள்: "லங் வென்ன எப்பா, பெற்றோல் லீக் வெனவா!" கிட்ட வரவேண்டாம், பெற்றோல் கசிகிறது.